கொடி இறங்கிய பிறகு

அன்றைக்கு அங்கே நின்றவர்கள்.

நான். நீல யூனிபோம், கழுத்தில் அடையாள அட்டை.

என் மனைவி மனோ. தோளில் பெரிய பை.

அண்ணி. என் ஒரே அண்ணையின் மனைவி, பெயர் பரமேஸ்வரி. கறுப்புக் கோட்டு. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

அண்ணியின் மகள் துளசி.

துளசி கட்டப்போகிற அருண். கோயம்புத்தூர் பொடியன். கொம்பியூட்டர் வேலை.

பீட்டர். மியூசியத்தின் வழிகாட்டி. வெள்ளைக்காரர். எழுபது தாண்டியவர். முன்பு கப்பலில் இருந்தவர்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பிரெஞ்சுக் கப்பல்.

அண்ணை அங்கே இல்லை. ஆனால் அவருக்காகத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள்.

மழை நாள்

ஞாயிற்றுக்கிழமை. மழை. எல்லாருடைய கோட்டிலும் தண்ணீர் சொட்டியது. மியூசியத்தில் மரத்தரை. ஈரச் சப்பாத்து பட்டால் மெழுகு மணம் கிளம்பும். அன்றைக்கும் கிளம்பியது.

கூடவே ஆட்டிறைச்சி ரோல்ஸ் மணமும் வந்தது. மனோவின் பையிலிருந்து.

"மனோ, உள்ளுக்கை சாப்பாடு கொண்டுவரக் கூடாது."

"ஆர் சொன்னது?"

"வாசல்லை போர்ட் போட்டிருக்கு."

"இஞ்சேருங்கோ, உங்கடை செக்கியூரிட்டி வேலையை என்னிலை காட்டாதேங்கோ. கோலியர்ஸ் வுட்டிலையிருந்து ரெயினும் பஸ்ஸும் மாறி மாறி வந்திருக்கிறம். பிள்ளைக்குப் பசிக்கும்."

பிள்ளை என்றது அருணை. முப்பது தாண்டிய பிள்ளை. அவன் கைகளை உயர்த்திச் சிரித்தான்.

"அங்கிள், நான் எதையும் பார்க்கலை. நீங்களாச்சு, சித்தியாச்சு."

பிறகு கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து கப்பலைப் பார்த்தான்.

"செமையா இருக்கு அங்கிள். இது தந்தமா?"

"இல்லை. ஆட்டெலும்பு."

"எலும்பா?"

"ஓம். சாப்பிட்டு மிஞ்சின எலும்பு."

மனோ தன் பையைப் பார்த்தாள். அதன் வாயை மூடினாள்.

எலும்புக் கப்பல்

தேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு கப்பல் மியூசியத்தில் காவல் நிற்கிறவன் நான். இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். பெரிய படிப்பு இல்லை. எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். காலையில் கதவு திறப்பது, தொடாதே என்று சொல்வது, மாலையில் உள்ளே நிற்பவர்களை எண்ணி வெளியே அனுப்புவது. இதுதான் வேலை.

என் மண்டபத்தின் நடுவில் இந்தக் கப்பல் இருக்கிறது. அதற்குப் பெயர் உண்டு. பிரெஞ்சுப் பெயர். என் வாயில் வராது. பீட்டர் பலமுறை சொல்லித் தந்தார். பிறகு விட்டுவிட்டார். நாங்கள் அவளைப் பிரெஞ்சுக்காரி என்போம்.

அந்த வகைக் கப்பலை பிரிகேட் என்பார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தியது. பாய்மரம் மூன்று. போர்க்கப்பல்தான், ஆனால் மிகப் பெரியது அல்ல. வேகமானது. முன்னால் ஓடி எதிரி எங்கே என்று பார்ப்பது, செய்தி கொண்டுபோவது, சரக்குக் கப்பலைத் துரத்திப் பிடிப்பது அதன் வேலை. எங்கள் கரையில் மீன் எங்கே கிடக்கிறது என்று பார்க்க முதலில் ஒரு படகு போகும். அது மாதிரி. பீரங்கியோடு.

பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நீண்ட சண்டை நடந்த காலம். இவள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு எங்கள் கடலுக்கும் வந்திருக்கிறாள். மொரீசியஸ் தீவில் தங்கி, வங்காள விரிகுடாவில் ஆங்கிலேயரின் சரக்குக் கப்பல்களைப் பிடித்தாள். திருகோணமலைக்கு வெளியே காத்து நின்றாள். எங்கள் ஊர்க் கரையைத் தாண்டிப் போயிருப்பாளா என்று பீட்டரிடம் கேட்டேன்.

"இருக்கலாம், ராஜ்" என்றார்.

என் பெயர் ராஜ் அல்ல. நானும் பலமுறை சொல்லிக் கொடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மூன்று வருஷம் பிடித்தவள், ஊர் திரும்பும் வழியில் பிடிபட்டாள். பிரான்சுக் கரைக்குக் கிட்ட. ஆட்களை ஆங்கிலேயர் கொண்டுவந்து பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களில் அடைத்தார்கள். ஆற்றிலேயே மிதக்கிற சிறை.

அந்தச் சிறையில் சமையலுக்கு வந்த ஆட்டெலும்பைக் கழுவி, வெயிலில் காயவைத்து, சீவி, இந்தக் கப்பலை அவர்களே செய்தார்கள். கயிறு எல்லாம் அவர்களுடைய தலைமயிர். இன்றைக்கும் கண்ணாடிக்குக் கிட்டப் போனால் தெரியும். ஒரு கயிறு கறுப்பு. ஒரு கயிறு செம்பட்டை.

செய்து, சிறை வாசலில் வெள்ளைக்காரருக்கு விற்றார்கள். விலைப்பட வேண்டுமே. அதனால் ஆங்கிலக் கொடியை ஏற்றியிருக்கிறார்கள். தங்கள் கப்பலில் தாங்களே.

இந்தக் கதையை அண்ணிக்குச் சொன்னது பல வருஷத்துக்கு முன். அவருடைய கவுன்சில் பிளாட்டில், தேத்தண்ணி குடிக்கும்போது. வேலையில் என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

அண்ணி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப பிடிபட்ட ஆக்கள் உயிரோடை இருந்தவை."

"ஓம் அண்ணி."

"எத்தினை வருசம்?"

"பத்து, பன்ரெண்டு வருசம் கிடந்தவையும் இருக்கினமாம். சமாதானம் வந்தாப் பிறகு விட்டவையாம்."

"ஊருக்குப் போனவை?"

"போனவை."

அவர் கோப்பையை எடுத்தார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையை என்னிடம் பலமுறை கேட்டார். மியூசியத்துக்கு மட்டும் வரவில்லை. மற்ற ஆட்கள் கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டுத் தள்ளிப்போடுகிற மாதிரித் தள்ளிப்போட்டார்.

வெள்ளைத் துவாய்

ஊரில் சண்டை நடந்த காலம். மாசி மாதம். தேய்பிறை. விடியப்புறம். கடலில் பனிமூட்டம்.

இரண்டு படகு. முன்னால் அண்ணையின் படகு. அதில் அவரோடு சேர்த்து நாலு பேர். பின்னால் நான் இருந்த படகு. வலை இழுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு மிசினும் நிற்பாட்டிக் கிடந்தன.

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிறப் படகு வந்தது. ரோந்துப் படகு. பெரியது. அண்ணையின் படகுக்கு நேரே வந்தது.

அண்ணை தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார். வெள்ளைத் துவாய். துடுப்பில் கட்டி உயர்த்தினார். அதை நான் கண்டேன்.

பிறகு மூட்டம் மூடியது.

பிறகு வெடிச் சத்தம் கேட்டது. யார், யாருக்கு, எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்த நாளில் அந்தக் கடலில் வெடிச் சத்தம் புதிதல்ல. எங்கள் படகில் இருந்தவர்கள் துடுப்புப் போட்டு என்னைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்கே அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துளசி அப்போது வயிற்றில். ஒன்றையும் ஒளிக்கவில்லை. துவாயையும் சொன்னேன். சத்தத்தையும் சொன்னேன்.

அண்ணி துவாயை வைத்துக்கொண்டார். சத்தத்தை விட்டுவிட்டார்.

"வெள்ளை காட்டினவனை ஒருத்தரும் சுடமாட்டாங்கள். அது எந்த நாட்டிலையும் சட்டம்" என்றார்.

அரை வருஷம் கழித்து அண்ணையின் படகை ஒரு துறைமுகத்தில் கண்டேன். சாம்பல் நிறம் பூசி, வேறு ஆட்களோடு. முன்பக்கம், அணியத்தில், நான் ஒட்டுப் போட்ட இடம் இருந்தது. அந்த ஒட்டை எனக்குத் தெரியாதா? மற்றப்படி படகு முழுசு. அதையும் அண்ணியிடம் சொன்னேன்.

"பாத்தியே? படகு முழுசெண்டா ஆக்களும் முழுசு."

இந்த இரண்டும்தான் அவரைத் தாங்கின. வெள்ளைத் துவாய். முழுப் படகு. முகாம் முகாமாகப் போய்க் கேட்டார். ஒருவரும் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு துளசியைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கு வந்தார். ஷிப்டு ஷிப்டாக வேலை செய்து வளர்த்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில். தாலியும் பொட்டும் அப்படியே.

ஒருமுறை கோயிலில் ஒரு மனிசி, "இன்னும் பொட்டோ?" என்று கேட்டுவிட்டாள்.

"என்ரை நெத்தியிலைதானே வைச்சிருக்கிறன், உன்ரை நெத்தியிலை வைக்கேல்லையே" என்றார் அண்ணி.

எனக்கும் ஒரு நினைப்பு இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை. நினைப்பு சாட்சி அல்ல.

திருவா, அமரரா

கலியாண அழைப்பிதழில் வந்து நின்றது எல்லாம்.

வால்தம்ஸ்டோவில் ஒரு தமிழ் அச்சகம். காட் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். பொம்பிளையின் தகப்பன் பெயருக்கு முன்னால் என்ன போடுவது? உயிரோடு இருந்தால் திரு. இல்லையென்றால் அமரர். அச்சகத்துக்காரர் நாலைந்து தரம் போன் எடுத்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் நேரத்துக்குக் கிடைக்காது என்றார்.

காட் மட்டும் அல்ல. தாரை வார்க்க வேண்டும். எங்கள் கலியாணத்தில் தாயும் தகப்பனும் சோடியாக நின்று, மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தண்ணீர் வார்த்துக் கொடுப்பார்கள். தகப்பன் இல்லாவிட்டால் சித்தப்பன், மாமன் யாராவது தன் மனைவியோடு நின்று வார்ப்பான். அப்படியென்றால் நானும் மனோவும்.

அண்ணி விடவில்லை.

"அவர் இருக்கேக்கை நீங்கள் எப்பிடி வாக்கிறது? நீங்கள் வாத்தா அவர் இல்லையெண்டுதானே அர்த்தம்? நாலு பேருக்கு முன்னாலை நானே அவரைக் கொல்லுறதோ?"

துளசி அழுதாள்.

"அம்மா, ப்ளீஸ். திருவும் வேண்டாம், அமரரும் வேண்டாம். அப்பாண்டை நேமை மட்டும் போடுவம்."

"வெறும் பேரை எப்பிடிப் போடுறது? அவர் என்ன கடையோ?"

அருணின் தாய் கோயம்புத்தூரிலிருந்து பேசினார். நல்ல மனிசி. எதுவானாலும் சம்மதம், ஆனால் ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்றார். அதுதான் அண்ணியால் முடியவில்லை.

அதனால்தான் அந்த ஞாயிறு துளசி எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா அந்த எலும்புக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னாள். அது உண்மைதான். வாசலில் என்னைத் தனியே இழுத்து வேறு ஒன்றும் சொன்னாள்.

"சித்தப்பா, நீங்க சொன்னா அம்மா கேப்பா. அப்பா இல்லைண்டு சொல்லுங்கோ."

"நான் காணாததை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

அவள் திரும்பி உள்ளே போனாள்.

இரண்டு மணி

ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணிக்கு பீட்டர் கப்பலுக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வார். மழை என்பதால் வேறு ஆட்கள் இல்லை. நாங்கள்தான்.

அண்ணிக்கு ஆங்கிலம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். கப்பலுக்குப் போதாது. காவல் நிற்கிறவன் வேலை நேரத்தில் பேசக் கூடாது. பீட்டர் என்னைப் பார்த்தார். "நீ அவர்களுக்குச் சொல்லு ராஜ். நான் மெதுவாகப் போகிறேன்" என்றார்.

அவர் ஒரு வசனம். நான் ஒரு வசனம். அப்படிப் போனது.

கப்பல் கட்டியதைச் சொன்னேன். மூன்று பாய்மரம் சொன்னேன். எங்கள் கடலுக்கு வந்ததைச் சொன்னேன்.

"எங்கடை கடலுக்கோ?" என்றார் அண்ணி. "கள்ளி. வெள்ளையாய் நிண்டுகொண்டு ஒண்டும் தெரியாத மாதிரி."

அருண் சிரித்தான். "அத்தை, மெட்ராஸ் பக்கமும் வந்திருக்கா போல."

"அத்தை எண்டு சொல்லாதையும் தம்பி, ஆரோ புது ஆளைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு. மாமி எண்டு சொல்லும். ஓம் எண்டும் சொல்லப் பழகும். ஆமாவுக்கெல்லாம் நாங்கள் பொம்பிளை குடுக்கிறேல்லை."

"ஆமா, மாமி" என்றான் அவன். துளசி அவன் கையில் கிள்ளினாள்.

பீட்டர் பொறுத்திருந்தார். பிறகு பிடிபட்ட கதைக்கு வந்தார்.

திரும்பி வரும்போது அவளுடைய அடியில் பாசியும் சிப்பியும் படிந்துவிட்டன. மூன்று வருஷம் சூட்டுக் கடலில் கிடந்தவள். ஓட்டம் குறைந்துவிட்டது. விடியற்காலையில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஆங்கிலக் கப்பல் வந்தது. அதுவும் பிரிகேட். ஆனால் அடி சுத்தம். துரத்திப் பிடித்துப் பக்கத்தோடு பக்கமாக நின்றது.

மூட்டம் என்று சொன்னபோது அண்ணி என்னைப் பார்த்தார். நான் பீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணி நேரம் சண்டை. பின் பாய்மரம் முறிந்து விழுந்தது. சுக்கான் உடைந்தது. கப்டன் செத்தார். அடுத்த அதிகாரி பார்த்தார். இனி ஏலாது. கொடியை இறக்கச் சொன்னார்.

"கொடியை இறக்கினா?" என்று கேட்டார் அண்ணி.

"சரணடைஞ்சதெண்டு அர்த்தம். இனிச் சுடக் கூடாது."

அண்ணி துளசியைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளிச்சமாக இருந்தது.

"கேட்டனியே? அந்தக் காலத்திலேயே சட்டம்."

பீட்டர் அடுத்ததைச் சொன்னார். அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. முன்பு இருந்த வழிகாட்டி இந்த இடத்தைத் தாண்டிப் போவார், பள்ளிப் பிள்ளைகள் வருகிற இடம் என்று. பீட்டர் இந்த வருஷம் வந்தவர். கடலில் இருந்த ஆள். எதையும் விடுவதில்லை. நான் அதை ஞாயிறு ஞாயிறாகக் கேட்டிருக்கிறேன். அது வரும் என்று எனக்குத் தெரியும்.

நான் வாய் திறக்கவில்லை.

துளசிக்கு ஆங்கிலம் விளங்கும். அவள் என்னைப் பார்த்தாள். தலையை மெல்ல ஆட்டினாள். வேண்டாம் சித்தப்பா. காலையில் அப்பா இல்லை என்று சொல்லச் சொன்ன அதே பிள்ளை.

அருண் தரையைப் பார்த்தான். மனோ, ஏன் எல்லாரும் இப்படி நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

"பிறகு கப்பலைத் திருத்தினவையாம்." அந்த வசனம் நாக்கில் வந்து நின்றது. அதைச் சொன்னால் போதும். தாண்டிவிடலாம்.

"என்னவாம் தம்பி?"

"ஒண்டுமில்லை அண்ணி. முடிஞ்சுது."

அண்ணி மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை.

"அந்தாள் நீட்டாச் சொன்னது. நீ கட்டையா முடிக்கிறாய். சொல்லு."

"அண்ணி..."

"அண்டைக்கும் எனக்கு நீதான் வந்து சொன்னனீ. ஒண்டும் விடாமல் சொன்னனீ. இண்டைக்கும் சொல்லு."

சொன்னேன்.

"காத்து இல்லையாம். பீரங்கிப் புகை அப்பிடியே கிடந்ததாம். கொடி இறங்கினது இங்கிலீசுக் கப்பல்லை கீழ்த்தட்டிலை நிண்ட ஆக்களுக்குத் தெரியேல்லை. அவை சுட்டுக்கொண்டே இருந்தவையாம்."

"தெரிஞ்சோ?"

"தெரியாமல்."

"எவ்வளவு நேரம்?"

பீட்டரிடம் கேட்டேன். சில நிமிஷம் என்றார். புகை விலகியதும் நிறுத்திவிட்டார்கள்.

"அதுக்குள்ளை எத்தினை பேர்?"

அதையும் கேட்டேன். பீட்டர் சொன்னார். நான் சொன்னேன்.

"பதினேழு பேர், அண்ணி. கொடி இறங்கினாப் பிறகு."

மழைச் சத்தம் கூரையில் கேட்டது.

"கப்பல்?"

"திருத்தினவை. பலகை மாத்தி, பெயின்ற் பூசி, அதே பேரோடை இங்கிலீசுக்காரருக்கு ஓடினது. கன வருசம். தன்ரை ஆக்களையே துரத்தினது. கடைசியிலை இந்த ஆத்திலை வைச்சு உடைச்சவை."

"திருத்தினாப் பிறகு பாத்தா தெரியுமோ? உள்ளுக்கை செத்தது?"

பீட்டரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"தெரியாதாம்" என்றேன்.

அண்ணி கண்ணாடியில் கையை வைத்தார். தொடக் கூடாது. தொடாதே என்று சொல்வதுதான் என் வேலை. சொல்லவில்லை. கிட்டக் குனிந்து பார்த்தார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளுத்தது. கப்பல் மறைந்தது. பிறகு மெல்ல மெல்லத் தெரிந்தது.

பீட்டர் என் காதுக்குக் கிட்ட வந்தார். தான் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டார்.

"இல்லை. சரியாகத்தான் சொன்னீர்கள்" என்றேன்.

ஆற்றங்கரை

என் இடைவேளைக்கு வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது. கடல் வற்றோடு ஆறும் வற்றிக் கிடந்தது. சேறு மணந்தது. மனோ பையைத் திறந்து எல்லாருக்கும் ரோல்ஸ் கொடுத்தாள். அண்ணியும் வாங்கினார். கையில் வைத்திருந்தார்.

"தம்பி, அண்டைக்குக் காத்து இருந்ததோ?"

"இல்லை அண்ணி. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது."

"வெள்ளை காட்டினாப் பிறகுதானே சத்தம்?"

"ஓம்."

"நீ அண்டைக்கே சொன்னனீ."

"ஓம்."

ஒரு படகு போனது. அதன் அலை வந்து கல்லில் அடித்து அடங்கும் வரைக்கும் அவர் ஆற்றையே பார்த்தார்.

"அவங்களும் மூட்டத்துக்குள்ளை காணாமல்தான் சுட்டாங்களோ தெரியாது" என்றார்.

 எனக்குத் தெரியாது. அவர் அப்படி வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும்.

அண்ணி அருணின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லும். அமரர் எண்டு போடச் சொல்லி."

துளசி அவருடைய கையைப் பிடித்தாள். "அம்மா, வேண்டாம். ஐ டோன்ட் மைண்ட். திரு எண்டே போடுவம். ப்ளீஸ் அம்மா."

"நீ பேசாமல் இரு. முதல் அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்வம். அதுக்குப் பிறகு உன்ரை கலியாணம். தகப்பனை நடுக்கடலிலை விட்டிட்டு உன்னைத் தாரை வாக்கேலாது." பிறகு மனோவைப் பார்த்தார். "நீயும் தம்பியும் நிண்டு தாரை வாருங்கோ. நல்ல சீலையாக் கட்டு. பழசைச் சுத்திக்கொண்டு வந்திடாதை."

மனோ அழுதுகொண்டே தலையாட்டினாள்.

"சொல்லிறீரோ தம்பி?"

"ஓம், மாமி" என்றான் அருண்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

இலை

கலியாணம் நல்லபடி நடந்தது. நானும் மனோவும் தாரை வார்த்தோம். அண்ணி முன் வரிசையில் இருந்தார். அதைப் படம் எடுத்தவர்கள் நிறையப் பேர். அதற்கு முதல் நடந்ததை ஒருவரும் படம் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணியின் பிளாட். ஐயர் வந்தார். உடல் இல்லாதவருக்குத் தர்ப்பையில் ஒரு உருவம் முடிந்து அதற்குத்தான் எல்லாம் செய்வார்கள். திதி கேட்டார். அண்ணி நிமிர்ந்து சொன்னார். மாசித் தேய்பிறை. திதியையும் சொன்னார். இத்தனை வருஷமும் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார். எனக்கே மறந்துபோயிருந்தது.

குளித்துவிட்டு வந்தபோது அவருடைய நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. தாலியைத் தானே கழற்றி ஒரு சிமிழில் வைத்தார். ஒருவரையும் கிட்ட விடவில்லை.

ஐயர் போன பிறகு படையல். செத்தவருக்கு வாழையிலையில் சோறு கறி வைத்துப் படைப்பது. டூட்டிங்கில் வாங்கிய இலைக் கட்டு. என்னை வெட்டச் சொன்னார்.

வெட்டினேன்.

"இன்னும் சின்னனாய் வெட்டு. காணாது."

அண்ணையோடு படகில் இருந்த மற்ற மூவருக்கும் அவர்களுடைய வீட்டில் எப்போதோ செய்துவிட்டார்கள் என்று கேள்வி. அண்ணி அதைக் கேட்கவில்லை. அவர்களுக்கும் இலை போட்டார். நாலு இலை. அது எனக்கு விளங்கியது.

பிறகும் போட்டுக்கொண்டே போனார்.

சோபாவை அருண் நகர்த்தினான். இருக்கிற அறை நிறைந்தது. நடைபாதையிலும் போட்டார். குசினி வாசல் வரைக்கும் போனது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு வடை. ஒவ்வொரு இலைக்கும் குனிந்து குனிந்து தானே வைத்தார்.

"அக்கா, நாலு பேருக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டாள் மனோ.

"அவங்களுக்கு ஆர் செய்தது?" என்றார் அண்ணி.

துளசிக்குத்தான் முதலில் விளங்கியது. கரண்டியை எடுத்துத் தாயோடு குனிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் கேட்டாள்.

"அம்மா, பிரெஞ்சுக்காரர் சோறு சாப்பிடுவினமா?"

"மூண்டு வருசம் எங்கடை கடலிலை நிண்டவங்கள். சாப்பிடுவாங்கள்."

விளக்கேற்றினார். சோற்று ஆவியில் ஜன்னல் கண்ணாடி வெளுத்தது. எல்லாரும் கும்பிட்டார்கள். பிறகு வழக்கப்படி, வந்தவர்கள் சாப்பிடட்டும் என்று வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

நான் கடைசி ஆள். வேலைப் பழக்கம். கதவைச் சாத்த முதல் உள்ளே எத்தனை என்று எண்ணினேன்.

இருபத்தொன்று.